விடுமுறையில் எடுத்த கணக்கு

செங்கல்பட்டு
9 ஜனவரி 1956

சார்,

இல்லை, எதையும் எரிக்கவில்லை. அடுப்பு மூட்டக்கூட ஒரு தாள் வெளியே போகவில்லை. எல்லம்மாள் கேட்டாள். "இம்மாங் காயிதம் கீது. ஒரு கை எடுத்தா ஐயாவுக்கு இன்னா தெரியப் போவுது?" என்றாள். தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை. உங்கள் வீட்டில் இத்தனை வருடம் சமைத்தவள். உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதில் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது.

நீங்கள் கடற்கரைக்குக் கிளம்பிய மறுநாளே வேலையைத் தொடங்கினேன். முன்னறையில் நடக்க இடமில்லை. முப்பது வருடப் பேராசிரியர் உத்தியோகம், சர்க்காருக்கு ஆலோசனை சொன்ன வருடங்கள். உப்பு, கைத்தறி, குத்தகை, மீன். ஒருவருக்கு இத்தனை விஷயங்களில் கருத்து இருக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டே அடுக்குகிறேன். எனக்கு இன்னும் எதிலும் கருத்து இல்லை. இருபத்தைந்து வயதாகிறது.

ஒரு சிக்கல். யுத்த காலத்தில் காகிதம் கிடைக்காததால் நகல்களை எல்லாம் பழைய பரீட்சை விடைத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். யுத்தம் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இதில் எந்தப் பக்கம் ஆவணம்? பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வந்த வரதன் முதல் கட்டைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பயபக்தியோடு இரண்டு பக்கம் படித்தார். பிறகு என்னிடம், "பேராசிரியர் ஆரம்ப காலத்துல இவ்வளவு குழப்பமா எழுதுவாரா?" என்றார். அவர் படித்தது, வாணிபக் கொள்கையில் தோற்றுப்போன ஒரு மாணவனின் பதில்.

அவர் சொன்ன நிபந்தனைகள் இவை. மார்ச் முடிவதற்குள் பட்டியல் தயாராக வேண்டும். பட்டியலிட்ட பெட்டியை அரக்கு வைத்து மூட வேண்டும். மூடியதைத் திறக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் நூலகத்தில் உதவியாளர் வேலைக்கு என் பெயரைச் சிபாரிசு செய்வார். அத்தா இதை பஸ் ஸ்டாண்டு எதிரில் எங்கள் சோடாக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். "எம் பொண்ணு சர்வகலாசாலைல வேல பாக்கப் போறா" என்கிறார், கோலிக்குண்டை அழுத்திக்கொண்டே.

ஏழாம் பெட்டி பற்றி ஒரு கேள்வி. நெடுமேட்டுக் குப்பத்துக் கணக்கெடுப்பு, 1950-51. வீடுவீடாக நிரப்பிய விவரத்தாள்கள், நான் கூட்டிப் போட்ட அட்டவணைகள், அச்சான அறிக்கை. மிச்சமான வெற்று விவரத்தாள்களும் ஒரு கட்டு இருக்கிறது. வெற்றுத் தாளையும் பட்டியலில் சேர்க்கவா?

அந்தக் குப்பத்தை நான் பார்த்ததில்லை. வகுப்பில் மற்றவர்கள் போனார்கள். அத்தா என்னை விடவில்லை. எண்கள் மட்டும் என்னிடம் வந்தன. இப்போது நீங்கள் அங்கேயே போய் இருக்கிறீர்கள். எப்படி இருக்கிறது?

ஃபக்ருன்னிசா


நெடுமேட்டுக் குப்பம்
மகாபலிபுரத்துக்குத் தெற்கு
16 ஜனவரி 1956

அன்புள்ள ஃபக்ருன்னிசாவுக்கு,

ஆசீர்வாதம். வெற்றுத் தாளையும் சேர். நிரப்பிய தாள் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்லும். வெற்றுத் தாள்தான் நாம் என்ன கேட்டோம் என்பதைச் சொல்லும். பின்னால் வருகிற ஆராய்ச்சியாளனுக்கு இரண்டும் வேண்டும். விடைத்தாள் விஷயத்தில் என் கையெழுத்து உள்ள பக்கமே ஆவணம். ஆனால் வரதன் படித்துத் திருப்தியடைந்திருந்தால் அவரைக் கெடுக்காதே.

உப்பு இலாகாவின் பழைய பங்களாவில் தங்கியிருக்கிறேன். கதவு மூடாது. மூடினால் திறக்காது. கடற்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். இந்தக் காற்றில் என் தலையில் மிச்சமிருக்கும் மயிரும் போய்விடும் என்பதைச் சொல்லவில்லை.

இங்கே நான் யாரென்று யாருக்கும் தெரியாது. இந்த ஊரைப் பற்றி அறிக்கை எழுதியவன் என்றும் தெரியாது. கணக்கெடுப்பின்போது நான் ஒரே ஒரு நாள் காரில் வந்து போனேன், மற்றதெல்லாம் உங்கள் வகுப்புப் பையன்கள் செய்தது. எனக்கு 'இருமல் வாத்தியார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரத்னா என்ற அம்மாள் எனக்கு மீன் கொண்டுவருகிறாள். நாற்பது வயதிருக்கும். கட்டுமரம் ஓட்டுகிற துரையின் மனைவி. நேற்று கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னா வாத்தியாரே, உன் இருமலக் கேட்டுகினு மீனெல்லாம் ஆழத்துக்குப் பூடுச்சாம். எங்க வூட்டுக்காரு சொல்றாரு. கொஞ்சம் பாத்து இருமு" என்றாள். இவ்வளவு நேரடியான விமரிசனம் எனக்கு எந்தக் கமிட்டியிலும் கிடைத்ததில்லை.

அறிக்கையில் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. ஆண்கள் மணலில் உட்கார்ந்து வலையைப் பிரிக்கிறார்கள், கட்டுகிறார்கள், தாயம் ஆடுகிறார்கள். மூன்றாம் அத்தியாயம் என் கண்முன் உட்கார்ந்து காய் உருட்டுகிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் வேலையில்லாத மனிதர்கள்.

நல்ல செய்தி ஒன்று. ஐந்து வருஷம் தூங்கிய அந்த அறிக்கையை சர்க்கார் கையில் எடுத்திருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் தேதி சென்னையில் கமிட்டி கூடுகிறது. ஊருக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க்கு மேற்கே குடும்பத்துக்கு ஒரு மனை, வீடு, பக்கத்துச் செங்கல் சூளையில் நிரந்தர வேலை. மனை வாங்குகிறவர் கடல் தொழிலை விடுவதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டவருக்கு மீனவர் கூட்டுறவுச் சங்கம் தரும் வலைநூல் நின்றுவிடும். இல்லாவிட்டால் இரண்டு கரையிலும் கால் வைப்பார்கள் என்று அறிக்கையில் நான்தான் எழுதியிருந்தேன். என்னைச் சாட்சியம் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் வாழ்நாளில் நான் எழுதிய எதுவும் வீடாக எழுந்ததில்லை. இது எழும் போலிருக்கிறது.

தணிகைவேல்


செங்கல்பட்டு
30 ஜனவரி 1956

சார்,

ஆறு பெட்டிகள் மூடியாகிவிட்டன. விரல் நுனியில் அரக்கு. வீட்டுக்குப் போனால் அம்மா, "தபாலாபீஸ் வாசன அடிக்குது" என்கிறாள்.

என்னுடைய விடைத்தாள் ஒன்றும் கிடைத்தது. ஹானர்ஸ் இரண்டாம் வருடம். அதன் முதுகில் நீங்கள் உப்புத் தீர்வை பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதியதற்கு நூற்றுக்கு நாற்பத்தெட்டு. 'மொழி நன்று. முடிவு எங்கே?' என்று ஓரத்தில் சிவப்பு மை. அதைப் படித்துக்கொண்டு நெடுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். முடிவு எங்கே.

நீங்கள் தாயம் ஆடுகிற ஆண்களைப் பற்றி எழுதியது மனதில் நிற்கிறது. எண்களைக் கூட்டிய நாட்களில் அந்தக் குப்பத்தை நானே கட்டிக்கொண்டேன். சாம்பல் நிறமான ஊர். அசையாத படகுகள். முழங்காலைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆண்கள். என் குப்பத்தில் பெண்கள் இல்லை என்பது இப்போதுதான் தோன்றுகிறது. ரத்னா என்று ஒருத்தி எந்த அட்டவணையிலும் வரவில்லை.

சாட்சியத்துக்கு வேண்டியிருக்கும் என்று ஏழாம் பெட்டியை மூடாமல் வைத்திருக்கிறேன். இருமல் எப்படி?

ஃபக்ருன்னிசா


நெடுமேட்டுக் குப்பம்
20 பிப்ரவரி 1956

அன்புள்ள ஃபக்ருன்னிசாவுக்கு,

ஆசீர்வாதம். பதில் தாமதம். பங்களாவின் கீற்றுக் கூரையில் ஒரு மூலை பறந்துவிட்டது. படுக்கையிலிருந்தே ஆகாயம் பார்க்கலாம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் டாக்டருக்கு இருக்கும்.

கூரையைக் கட்ட ஓர் ஆள் கிடைக்கவில்லை. கூப்பிட்ட குரலுக்குப் பத்து பேர் வருகிற ஊர் என்று நினைத்திருந்தேன். பகலில் கரையில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. விடிவதற்கு முன் போகிறார்கள். வெயில் ஏறித் திரும்புகிறார்கள், மீனை இறக்கிவிட்டு மறுபடி பெரிய வலை இழுக்கிறார்கள். பிறகு விழுந்து தூங்குகிறார்கள். துரையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "ஐயா, மன்னிச்சிடு. நின்னா தூங்கிடுவேன்" என்று நடந்துகொண்டே சொன்னான்.

ரத்னாவிடம் முறையிட்டேன். சிரித்தாள். "மாசி பொறந்துடுச்சி வாத்தியாரே. இப்போ பொணம் வுழுந்தாக்கூடத் தூக்க ஆளு கெடையாது. செத்தாலும் கொஞ்சம் பொறுத்துச் சாவணும். கூரையெல்லாம் மார்கழில கட்டிக்கோ. அப்போ மழை, கடலு சீறும். ஆம்பளைங்க தாயத்த உருட்டிகினு சும்மா குந்திகினு கெடப்பானுங்க. ஒரு கூரைக்கு நாலு பேரு வருவானுங்க" என்றாள்.

மார்கழி வரைக்கும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான் என்று உனக்கு வேடிக்கையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதும்போது கை நடுவில் நின்றுவிட்டது. காய்ச்சலாக இருக்கலாம். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

தணிகைவேல்


செங்கல்பட்டு
24 பிப்ரவரி 1956

சார்,

காய்ச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். அது காய்ச்சல்தானா என்று கேட்க நான் யார். ஆனாலும் கேட்கிறேன்.

நாம் கணக்கெடுத்தது மார்கழி மாதம்.

கிறிஸ்துமஸ் விடுமுறை. மாணவர்கள் அப்போதுதான் கிடைப்பார்கள். நான் இங்கே அறையில் கூட்டிக்கொண்டிருந்தபோது வெளியே மழை. ஈரத்தில் மை பரவிய தாள்கள் வந்தன. ஏன் ஈரம் என்று நான் யோசிக்கவில்லை. 'கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் கடலுக்குப் போனீர்கள்?' என்பது பதினோராவது கேள்வி. பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். அதை வருடம் முழுவதற்கும் பெருக்கினோம். பெருக்கியது என் கை.

பிறகு மற்றப் பெட்டிகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நெல் விளையும் கிராமங்கள் எல்லாம் மே மாதம். ஏரி வறண்டு, அறுப்பு முடிந்து, ஆட்கள் நிழல் தேடி உட்கார்ந்திருக்கும் மாதம். நெசவுத் தெரு, பாவு நூலை வெளியே விரிக்க முடியாத மழை நாட்கள். எல்லா ஊரிலும் எல்லாரும் சும்மா இருக்கிறார்கள் சார். முப்பது வருடமாக. கல்லூரி திறந்திருந்த மாதங்களில் இந்த ராஜ்யத்தில் என்ன நடந்தது என்று சொல்ல நம்மிடம் ஒரு தாள்கூட இல்லை.

குற்றம் சொல்லவில்லை. எனக்கே தலை சுற்றுகிறது. ஆனால் ஏப்ரல் இரண்டாம் தேதி ஒரு கமிட்டி கூடுகிறது. அந்தப் பூஜ்யங்களை நம்பி ஒரு ஊரையே கடலை விடச் சொல்லிக் கையெழுத்து வாங்கப் போகிறார்கள்.

என்ன செய்யலாம்?

ஃபக்ருன்னிசா


நெடுமேட்டுக் குப்பம்
2 மார்ச் 1956

செல்வி ஃபக்ருன்னிசா அவர்களுக்கு,

தங்கள் 24ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

தாங்கள் பட்டியல் தயாரிக்க நியமிக்கப்பட்டிருக்கிறீர்கள். பட்டியலிடுவது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. ஒரு கணக்கெடுப்பின் காலம், பரப்பு, ஆள்பலம் ஆகியவற்றுக்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. அவை அறிக்கையின் முன்னுரையில் கூறப்பட்டுள்ளன. அறிக்கையை மூன்று நிபுணர்கள் பரிசீலித்தார்கள். எவரும் இந்த ஆட்சேபணையை எழுப்பவில்லை.

ஏழாம் பெட்டியை உடனே மூடி முத்திரையிடவும்.

தணிகைவேல்


செங்கல்பட்டு
6 மார்ச் 1956

பேராசிரியர் அவர்களுக்கு,

ஏழாம் பெட்டியை மூடினேன். முத்திரையிட்டேன். வெற்று விவரத்தாள்கள் ஒரு கட்டு, வரிசை எண் நாற்பத்தொன்று, பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

எந்த எண்ணைப் பார்த்தாலும், இதை எண்ணியவன் எங்கே நின்றுகொண்டு எண்ணினான் என்று முதலில் கேள், என்று எங்களுக்கு முதல் வகுப்பில் சொன்னீர்கள். எப்போது நின்றான் என்றும் சேர்த்துக் கேட்டேன். அவ்வளவுதான்.

மூன்று நிபுணர்களும் கல்லூரிக்காரர்கள். அவர்களுக்கும் அதே விடுமுறை.

எல்லம்மாள் உங்கள் போர்வையைத் துவைத்து மடித்து பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். கடிதம் வந்த அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஐயா வஞ்சிட்டாரா? வுடு. அவருக்குக் கோவம் வந்தா ரெண்டு நா சோறு எறங்காது. பெறவு அவரே ஊறுகா கேப்பாரு" என்றாள்.

ஃபக்ருன்னிசா


நெடுமேட்டுக் குப்பம்
17 மார்ச் 1956

ஃபக்ருன்னிசா,

எல்லம்மாள் சொன்னது சரி. ஊறுகாய் அனுப்பச் சொல்.

உன் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் தினமும் காலையில் கரைக்குப் போய் நின்றேன். எண்ணவில்லை. எண்ணத் தேவையிருக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஓர் அறிக்கை எழுதினேன். ஐந்து பக்கம். என் பழைய அறிக்கையை நானே வாபஸ் வாங்குகிறேன், அதன் அடிப்படை எண் பருவம் தவறியது, குப்பத்தை இடம் மாற்றும் திட்டத்தைக் கைவிட வேண்டும், என்று. நல்ல நடை. எழுதி முடித்தபோது கண் கலங்கியது என்றுகூடச் சொல்லலாம். என் தியாகத்தைப் பார்த்து எனக்கே இரக்கம்.

அந்த உருக்கத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் ஊரைப் பங்களா வாசலுக்குக் கூப்பிட்டு, நான் யார் என்று சொல்லி, அதைப் படித்துக் காட்டினேன். ஐந்து வருஷம் முன்னால் இந்த ஊரை அப்புறப்படுத்தச் சொன்னவன் நான்தான், இப்போது அதைத் தடுக்கப் போகிறவனும் நான்தான், என்றேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

துரை எழுந்தான். "ஐயா சொல்றதுதான் நாயம். கடல வுட்டுட்டு நாம எங்க போறது?" ஆண்கள் தலையாட்டினார்கள்.

பின்னாலிருந்து ரத்னாவின் குரல். "நீ குந்து. கூடையத் தலைல வெச்சிகினு கால்வாய்ல எறங்கறது நீயா நானா?"

கூட்டம் பிளந்தது. முன்னால் வந்து நின்றாள். அவள் பேசியதை எனக்கு நினைவிருக்கும்வரை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னா வாத்தியாரே, யாரு உன்னக் கேட்டது? வூடு தரேன்றான், மனை தரேன்றான், வாங்கிகினு போறோம். நடுவுல நீ வந்து வேணாம்னு எழுதுவியா? நல்ல தண்ணிக்குக் கால்வாய் தாண்டணும். திருக்கழுக்குன்றம் சந்தைக்குக் கால்வாய் தாண்டணும். படகு இல்லன்னா இடுப்புத் தண்ணில நடக்கணும். போன மழைல வேண்டாவுக்கு வலி எடுத்து, தூக்கிகினு போனோம். நடுக் கால்வாய்ல, படகுலயே பெத்தா. அந்தப் புள்ளைக்குக் கால்வாயான்னே பேரு வெச்சிட்டானுங்க. இந்தா, நிக்கறா பாரு."

வேண்டா இடுப்பிலிருந்த குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். குழந்தையும் சிரித்தது.

கையெழுத்துப் போட்டால் கடலை விட வேண்டுமே, என்றேன்.

"கைநாட்டுதானே? வெச்சிட்டுப் போறோம். சூளைக்காரன் கடல்ல வந்து தேடட்டும்."

வலைநூல் நின்றுவிடும் என்றேன். விளக்கிச் சொன்னேன். நூல் இல்லாவிட்டால் வலை இல்லை. அப்போதுதான் சிரிப்பு நின்றது. பிறகு அவள்தான் மறுபடி, குரலைத் தணித்துக்கொண்டு, "அப்போ அந்த ஒரு வரிய எடு. வூட்ட எதுக்கு எடுக்கற? எழுதனவன் நீதானே?" என்றாள்.

கையிலிருந்த ஐந்து பக்கத்தை மடித்துக்கொண்டேன்.

"மொதல்ல வந்தப்பவும் இதே பேஜாருதான். புள்ளைங்க வந்தானுங்க. குடும்பத் தலைவர் யாருன்னானுங்க. ஆம்பளையக் கூப்பிட்டுக் கேட்டானுங்க, எழுதிகினு பூட்டானுங்க. நாங்க கொடைய புடிச்சிகினு சுக்குத்தண்ணி குடுத்தோம். இப்போ நீ வந்து, நீயா எழுதிட்டு, படிச்சிக் காட்டற. உனக்கும் நல்லாதான் இருக்கும்."

பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் மீன் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தது. பேச்சு வரவில்லை.

அவள் கேட்டது எளிது. செய்வது எளிதில்லை. உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்குத் தெளிகிறது. அவர்கள் வேலையற்றவர்கள் என்பதுதான் அந்த வீடுகளுக்குச் சொல்லப்பட்ட ஒரே காரணம். அந்தக் காரணத்தை நான் எடுத்தால், கையெழுத்தோடு வீடும் போகும். எடுக்காவிட்டால் வீடு வரும், கடல் போகும். வீடும் வேண்டும் கடலும் வேண்டும் என்றால் வேறு காரணம் காட்ட வேண்டும். தண்ணீர், சந்தை, பிரசவம். அதற்கு என்னிடம் ஓர் எண் கிடையாது. எண் இல்லாமல் ஒரு கமிட்டி காது கொடுக்காது. எனக்கு நன்றாகத் தெரியும், அவர்களை அப்படிப் பழக்கியவர்களில் நானும் ஒருவன்.

புதிதாக எண்ணலாம். ஆனால் அதே விவரத்தாளில், அதே வரிசையில் கேட்டால்தான் பழைய எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வேறு தாளில் எழுதினால் ஒரு கிழவனின் கடற்கரை அனுபவம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த விவரத்தாளை அடித்துக் கொடுத்த அச்சகம் மூடி மூன்று வருஷமாகிறது. மிச்சமிருந்த வெற்றுத் தாள்கள் ஏழாம் பெட்டியில். அதை மூடச் சொன்னவனும் நான்.

திறக்கச் சொல்லி இதை எழுதவில்லை. உன் வேலை அந்த அரக்கில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டாக்டர் என்னைப் பயணம் செய்யக் கூடாது என்கிறார். நேற்று சளியில் கொஞ்சம் ரத்தம். எல்லம்மாளிடம் சொல்லாதே. என் ஐந்து பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைக் கமிட்டிக்கு அனுப்பலாம். கிழித்தும் போடலாம். பெட்டியில் வைத்தால் பின்னால் வருகிற ஆராய்ச்சியாளன் என்னை யோக்கியன் என்று எழுதுவான். அந்த ஆசை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

நாற்பத்தெட்டு மார்க் கொடுத்ததற்கு வருத்தம் இல்லை. அந்தப் பதிலில் உண்மையிலேயே முடிவு இல்லை.

ஆசீர்வாதம்.

தணிகைவேல்


செங்கல்பட்டு
21 மார்ச் 1956

சார்,

உங்கள் ஐந்து பக்கத்தைப் படித்தேன். நீங்கள் எழுதியவற்றில் இதுதான் மிக நன்றாக இருக்கிறது. அதனால்தான் அனுப்பவில்லை. படிக்கிறவர்கள் உங்களைப் பார்ப்பார்கள். வேண்டாவைப் பார்க்க மாட்டார்கள்.

இன்று வரதன் வந்தார். பெட்டிகளைச் சுற்றி நடந்து முத்திரைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நல்ல மனிதர். "திங்கட்கிழமை லாரி வரும். ஒரு முத்திரை உடைஞ்சிருந்தாக்கூட நான் லிஸ்டை ஏத்துக்க முடியாதும்மா. அப்புறம் உங்களுக்கு நான் எப்படி சிபாரிசு பண்றது?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே ஒருவர். புரிகிறது. அவர் போன பிறகு, அவர் தடவிய இடத்தில் நானும் தடவிப் பார்த்தேன். வழவழப்பு.

எனக்கு அந்த வேலை வேண்டும். இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. தியாகம் மாதிரி எதுவும் எனக்குள் இல்லை. நூலகத்தின் நீளமான மேஜைகள், ஜன்னல் வழியாக வரும் கடற்கரைச் சாலையின் சத்தம், மாதம் பிறந்தால் எனக்கென்று ஒரு சம்பளம். இரண்டு மாதமாக அதை மனதில் வைத்துத்தான் தூசி தட்டினேன்.

ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன் என்றும் நினைத்துப் பார்த்தேன். யாராவது வந்து ஏழாம் பெட்டியைக் கேட்பார்கள். நான் எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் பூஜ்யங்களைப் படிப்பார்கள். அடியில் ஒரு கட்டு வெற்றுத் தாள் இருக்கும். ஆவணம் என்று எழுதியிருக்கும்.

அத்தாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், வேலை போகும் என்பதையும். சோடா பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழுவினார்.

"அன்னிக்கு அந்தப் புள்ளைங்களோட உன்ன வுடல" என்றார்.

"ஆமாம் அத்தா."

"வுட்டிருந்தா நீயும் கொட்டுற மழைல போயி, ஆம்பளையக் கூப்பிட்டுக் கேட்டுட்டு வந்திருப்ப."

அதை நான் யோசித்திருக்கவில்லை.

"இப்பவும் போன்னு நான் சொல்லல" என்றார். "உங்கம்மா என்னக் கொன்னுடுவா. ஆனா மொத பஸ் கண்டக்டரு முனீரு நம்ம ஆளு. திருக்கழுக்குன்றத்துல எறக்கி, கால்வாய்க்குப் போற வண்டி பாத்து ஏத்திவுடுவான். கடைல எல்லார்கிட்டயும் சர்வகலாசாலைன்னு சொல்லித் தொலச்சிட்டேன். அத எப்டி மாத்திச் சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன்."

அம்மா சமையற்கட்டிலிருந்து, "எல்லாம் கேக்குது" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

இப்போது மேஜைமுன் உட்கார்ந்திருக்கிறேன். அதே தாள், அதே பதினோராவது கேள்வி, வேறு மாதம். அதன் பின்பக்கம் காலியாக இருக்கிறது. அதில் கால்வாய் பற்றிக் கேட்கலாம். எத்தனை முறை தாண்டுகிறீர்கள், தலையில் என்ன இருக்கும், யார் தாண்டுகிறார்கள். பின்பக்கத்தில் எழுதுவது உங்களிடம் கற்றதுதான்.

ஆனால் எனக்குச் சந்தேகங்கள் இருக்கின்றன. ஒரு நல்ல எண்ணைக் கொண்டுபோய் வைத்தாலும் கமிட்டி கேட்காமல் போகலாம். வீடும் கிடைக்காமல், பெட்டியும் கெட்டு, எனக்கு வேலையும் இல்லாமல் போகலாம். ரத்னா என்னிடமும் பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போகலாம். நான் இதுவரை ஒரு மனிதரிடம்கூட ஒரு கேள்வியும் கேட்டதில்லை சார். கூட்டித்தான் பழக்கம். முதல் கேள்வியை எப்படித் தொடங்குவது? உட்கார்ந்துகொண்டா, நின்றுகொண்டா? உங்கள் பதில் வரும்வரை


கடிதம் அங்கே நிற்கிறது. அவள் அதைத் தபாலில் போடவில்லை. ஏழாம் பெட்டியின் அரக்கை உடைத்து வெற்று விவரத்தாள்களை எடுத்துக்கொண்டாள். பட்டியலில் நாற்பத்தொன்றாம் வரியை அடித்து, பக்கத்தில் 'உபயோகத்தில்' என்று எழுதினாள். காலையில் முதல் பஸ் ஏறினாள். மதியம் நெடுமேட்டுக் குப்பத்தில், மீன் காயவைத்த மணலில் உட்கார்ந்து, முதல் தாளில் 'குடும்பத் தலைவர்' என்று அச்சடித்திருந்த இடத்துக்கு எதிரே, ரத்னா என்று எழுதினாள்.